மண்வெட்டிக்கு ஓர் ஓட்டு

ஓரிகனுக்கு வடக்கே புதிதாகக் குடியேறிய பிரதேசத்தில், ஒலிம்பியாவைத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்வதில் ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே ஒரு நிமிர்வு உண்டு. ஆளுநர் இங்கேதான், சட்டசபை இங்கேதான், நீதிமன்றம் இங்கேதான். ரயில் மட்டும் இல்லை. வருகிறேன் வருகிறேன் என்று பெரிய ரயில் கம்பெனி ஆசை காட்டியது. ஊரார் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் விருந்து வைத்தார்கள். கடைசியில் தண்டவாளம் டெனினோ வரை வந்து, அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு டகோமாவுக்குப் போய்விட்டது. டகோமாவில் அப்போது மரக்கட்டையும் கொசுவும்தான் இருந்தன. அந்த வயிற்றெரிச்சலை இன்றைக்கும் சொல்லித் தீராது.

அழுது முடித்த பிறகு, சரி, டெனினோவிலிருந்து நாமே ரயில் பாதை போட்டுக்கொள்ளலாம் என்று ஊர் கூடித் தீர்மானித்தது. கையில் காசு கிடையாது. ஆகவே மண்வெட்டி நாள் என்று ஒரு ஏற்பாடு வந்தது. காலையில் கடற்கரைப் பீரங்கி ஒரு முறை முழங்கும். கடைகள் சாத்தப்படும். நீதிபதி, நாவிதர், குமாஸ்தா, சாராயக் கடைக்காரர் எல்லாரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சின்ன நீராவிக் கப்பலில் அருவிக்கரைக்குப் போவார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை. கூலிக்குப் பதிலாக ஒரு விதி: ஒரு நாள் மண் வெட்டினால் ரயில் விஷயத்தில் ஓர் ஓட்டு. ஓட்டுச் சீட்டெல்லாம் இல்லை. இந்தப் பக்கம் நிற்பவர்கள் இத்தனை, அந்தப் பக்கம் நிற்பவர்கள் இத்தனை என்று தலையை எண்ணுவதுதான்.

டார்கஸ் மெரில் அந்த நாட்களில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. அவள் விதவை. நல்ல உயரம், நல்ல குரல், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். கிழக்குக் கரையில், தண்ணீரைப் பார்த்த மாதிரி இருந்த அவளுடைய வீட்டில்தான் சட்டசபை கூடும்போது வெளியூர் உறுப்பினர்கள் தங்குவார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில், டெனினோவிலிருந்து வண்டியில் காது வரை சேறு அப்பிக்கொண்டு வந்து இறங்குவார்கள். அந்த ஒரு பருவத்து வாடகையில்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள். தலைநகரம் வேறு ஊருக்குப் போனால் அவள் பிழைப்பும் அதோடு போய்விடும்.

வீட்டைக் கட்டியவன் அவள் புருஷன் அசகேல். படகு கட்டுகிற தச்சன். வீடு கட்டத் தெரியாது, அதனால் கப்பலைப் போலவே கட்டிவிட்டான். மூலைகளில் வளைந்த மரத் தாங்கிகள், பலகை இடுக்குகளில் தார் வைத்த கயிறு, முழங்கால் உயரத்துக்கு வாசற்படி. புதிதாக வருகிற ஒவ்வொரு உறுப்பினரும் அதில் கால் இடித்துக்கொண்டு, "இது வீடா கப்பலா அம்மா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. "தண்ணியில விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்பான் அசகேல். நுரையீரல் காய்ச்சலில் அவன் போய்ப் பல வருஷமாகிறது. அந்தப் படியில் கால் இடிக்கிற சத்தம் கேட்டால் அவள் இன்னமும் அவன் பதிலைத் தானே முணுமுணுத்துக்கொள்வாள்.

மண்வெட்டி நாட்களில் பெண்களுக்குச் சமையல். பன்றிக்கறியும் வெல்லப்பாகும் சேர்த்து ராத்திரி முழுக்க வேகவைத்த பீன்ஸ், நிஸ்குவாலிப் பழங்குடிப் பெண்கள் படகில் கொண்டுவந்து விற்கும் மட்டிச் சிப்பியில் வைத்த கெட்டியான சாறு, ரொட்டி, உலர்ந்த ஆப்பிள் வைத்த பணியாரம், அண்டா அண்டாவாகக் காப்பி. இதையெல்லாம் காட்டு வழியில் தூக்கிக்கொண்டு போய், அடுப்பு மூட்டி, பரிமாறி, பாத்திரம் கழுவித் திரும்புவார்கள். இடுப்பு ஒடிந்துபோகும்.

பாதை அருவிக்கரையை நெருங்கியபோதுதான் ஊருக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஸ்டேஷன் எங்கே என்று யாரும் முடிவு செய்யவே இல்லை. மூன்று வருஷம் மண் வெட்டிவிட்டு, ரயில் எங்கே நிற்கும் என்று யோசிக்கிற ஊர் உலகத்தில் இது ஒன்றுதான். கடல் உள்ளே நீண்டு ஊரை இரண்டாக்கியிருந்தது. கிழக்குக் கரையில் கடைத்தெரு, சட்டசபைக் கட்டடம், டார்கஸின் வீடு. மேற்குக் கரையில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டையும் முட்புதரும். இரண்டுக்கும் நடுவே ஆட்டம் காணும் ஒரு நீள மரப்பாலம். ஸ்டேஷன் மேற்கே போய்விட்டால், மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டி எந்த உறுப்பினர் அவள் வீட்டுக்கு வருவார்? ஸ்டேஷனை ஒட்டி எவன் கொட்டகை போட்டாலும் அங்கேதான் தங்குவார்.

மேற்குக் கரை நிலத்தில் பாதி வக்கீல் ஹாஸ்கெட்டினுடையது. ரயில் கமிட்டித் தலைவரும் அவரே. பிறகென்ன, மேற்குதான் சிறந்தது என்று அவர் பேசாத தெருமுனை இல்லை.

ஒரு மண்வெட்டி நாள் மதியம், ஹாஸ்கெட் இரண்டாவது தடவையாகக் கிண்ணத்தை நீட்டினார். "மெரிலம்மா, இன்னும் ஒரு கரண்டி."

"போடறேன். வக்கீலய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் டார்கஸ். "ஸ்டேஷன் எந்தக் கரையிலன்னு அடுத்த தடவை நிக்கச் சொல்லப் போறீங்களாமே. நாங்க எந்தப் பக்கம் நிக்கணும்?"

"நீங்களா? அடுப்புப் பக்கம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டார்கஸ் சிரிக்கவில்லை. "மூணு வருஷமா ஒரு நாள் விடாம வந்திருக்கேன்."

"வந்தீங்க, வயிறார சோறு போட்டீங்க. யார் இல்லேன்னாங்க? ஆனா விதி மண்வெட்டிக்குத்தான், கரண்டிக்கு இல்லியே."

"மண்வெட்டி பொம்பளை கையில இருந்தா?"

வாய் நிறைய பீன்ஸோடு, சிரிப்பு நிற்காமல், ஹாஸ்கெட் கையை வீசினார். "யார் கையில இருந்தா என்ன, மண்ணு வெட்டினாச் சரி."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் டார்கஸ், கூட்டத்தைப் பார்த்து. அவர் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். வக்கீல் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கோணிக்கொண்டது.

அடுத்த மண்வெட்டி நாளில் கப்பலேறிய பெண்கள் கையில் அண்டாவும் இல்லை, கரண்டியும் இல்லை. எல்லாரிடமும் மண்வெட்டி. ரொட்டிக்கடைக்காரர் மனைவி கெசாயா மட்டும் கடப்பாறை வைத்திருந்தாள். வாய்த்துடுக்குக்காரி, டார்கஸுக்கு உயிர்த்தோழி.

"அப்ப சாப்பாடு?" என்று அலறினார் நாவிதர்.

"பீன்ஸ் மூட்டை கப்பல்ல இருக்கு, அடுப்பு காட்டுல இருக்கு" என்றாள் கெசாயா. "ரெண்டையும் சேத்து வைக்கிறதுக்குப் படிச்சவங்க நாலு பேர் போதாதா?"

கமிட்டித் தலைவராகப்பட்டவர், விதியைத் தானே சொல்லிவிட்டு மறுக்க முடியாமல், வேறு விதமாகக் கணக்குப் போட்டார். பெண்களுக்கு, கிழக்குக் கரைக்கென்று குறித்து வைத்திருந்த பாதையின் முனையில் வேலை கொடுத்தார். அலை வடிந்தால் சேறு, ஏறினால் தண்ணீர் என்கிற இடம். மதியத்துக்குள் களைத்துப்போய் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார். சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாக அவர் ஏன் சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

பெண்கள் ஓடவில்லை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். ஒரு வெட்டு வெட்டினால் பாதி மண்வெட்டியிலேயே ஒட்டிக்கொண்டது, மீதி குழிக்குள் வழிந்து திரும்ப வந்தது. மரம் இழுக்கிற பெலெக், ஊரிலேயே பெரிய எருதுகளை வைத்திருந்தவன், கட்டை கொண்டுவந்து போட்டான். எருதுகள் வயிறு வரை இறங்கிவிட, அவற்றை மீட்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"பெலெக், உண்மையைச் சொல்லு" என்றாள் டார்கஸ், முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டு. "இங்க தண்டவாளம் போட முடியுமா முடியாதா?"

"முடியாதுன்னு சொல்ல மாட்டேன் அக்கா. கரை நெடுக மரத்தூண் அடிச்சு இறக்கணும். காசும் இல்ல, யந்திரமும் இல்ல. ரெண்டு வருஷமாவது ஆகும்."

"மேற்குப் பக்கம்?"

பெலெக் எருதின் கழுத்தைத் தடவிக்கொண்டே வேறெங்கோ பார்த்தான். "அது சரளை மண்ணு. இந்த மழைக்கு முன்னாடி ரயில் வந்துடும்."

இந்த மழைக்குத்தான் சட்டசபை கூடுகிறது. போன கூட்டத்தின்போது, அவள் மேஜையில் உட்கார்ந்து அவள் பணியாரத்தைத் தின்றுகொண்டே, ஆற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து வந்த உறுப்பினர்கள் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். அடுத்த தடவையும் சேற்று வண்டிதான் என்றால் கூட்டத்தை டகோமாவிலேயே போட்டுக்கொள்ளலாம், தலைநகரத்தை அங்கே மாற்றத் தங்கள் ஓட்டே போதும் என்றார்கள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

பிற்பகலில் அலை ஏறியது. காலையிலிருந்து போட்ட மண்ணை அவர்கள் கண்ணெதிரிலேயே தண்ணீர் நக்கி எடுத்துக்கொண்டு போனது. டார்கஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, அதைப் பாக்காத" என்றாள் கெசாயா. "பாத்தா மனசு மாறும். நாங்க எல்லாரும் உனக்காகத்தான் கிழக்குல நிக்கப் போறோம். வேற யாருக்காகவும் இல்ல."

"தெரியும்டி."

"உன் வீடு போயிடும்."

"தெரியும்னு சொன்னேன்ல."

சாயங்காலம் பாதை பிரிகிற இடத்தில் எல்லாரும் கூடினார்கள். ஆண்கள் பசியில் வெறிபிடித்திருந்தார்கள். ஹாஸ்கெட் சமைத்த பீன்ஸ் அடியில் கரி, நடுவில் கல், மேலே தண்ணீர். வண்டித் தடம்தான் எல்லை. கிழக்கு வேண்டுபவர்கள் இந்தப் பக்கம், மேற்கு வேண்டுபவர்கள் அந்தப் பக்கம். ஆண்கள் பிரிந்து நின்றபோது இரண்டு கூட்டமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. கடைக்காரர்கள் கிழக்கே, மரம் வெட்டுபவர்களும் மேற்கே மனை வாங்கியவர்களும் எதிரே. நடுவில், தடத்தின் மேலேயே, சேறு காய்ந்த பாவாடைகளோடு பெண்கள். அத்தனை பேரும் டார்கஸின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டார்கஸுக்கு ஹாஸ்கெட்டைப் பிடிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் ஊரையே பிடிக்கவில்லை. இப்படி ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பாதியில் செத்துப்போன அசகேலைக்கூடப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க சேற்றில் கிடந்து வாங்கிய ஓட்டு. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கிய ஓட்டு. கிழக்கே ஓரடி வைத்தால் போதும். ஆனால் அங்கே ரயில் வராது. வராத ரயிலுக்குக் காத்திருந்து, நாவிதரும் ரொட்டிக்கடையும் பள்ளிக்கூடமும் ஒவ்வொன்றாக டகோமாவுக்கு மூட்டை கட்டுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தாள்.

கெசாயா கடப்பாறையைத் தரையில் ஓங்கிக் குத்தி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அவள் பின்னால் போனாள். மற்ற பெண்களும் போனார்கள்.

ஹாஸ்கெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "மெரிலம்மா, உங்க பெரிய மனசு இந்த ஊர்ல—"

"உனக்காக இல்ல" என்றாள் டார்கஸ். "நாள் பூரா சேறு என்கிட்ட என்ன சொல்லிச்சோ அதைக் கேட்டேன், அவ்வளவுதான். தள்ளி நில்லு, உன் மேல கருகின வாசனை அடிக்குது."

மழைக்கு முன்பே ரயில் வந்தது. சின்ன எஞ்சின், இரண்டே பெட்டி, ஆனால் அது ஊதிய ஊதலுக்குப் பெரிய பெரிய ஆம்பளைகள் எல்லாம் நின்று அழுதார்கள். உறுப்பினர்கள் காய்ந்த பூட்ஸோடு வந்து இறங்கினார்கள். தலைநகரத்தை மாற்றுகிற பேச்சை அந்தப் பருவத்தில் எவரும் எடுக்கவில்லை. ஸ்டேஷனை ஒட்டி யாரோ பலகை அடித்துப் போட்ட விடுதியில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று புலம்பினார்கள். புலம்பினாலும் மழையில் பாலம் தாண்ட யாருக்கும் மனசு வரவில்லை. டார்கஸின் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே பழைய பழக்கத்துக்காக வந்தவர்கள்.

அவள் மாடி அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். குளிர்காலம் முடிகிற சமயத்தில் கெசாயாவைக் கூப்பிட்டு, "என் அடுப்பை நீ எடுத்துக்க. ஓரிகன்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"உன் அடுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கெசாயா அழுதுகொண்டே வெளியே போனாள். அவள் வாயில் ஒரு விஷயம் போனால் அது ஊருக்கே போன மாதிரி. நாவிதர் கடையில் பெலெக் அதைச் சொன்னபோது, பாதி சவரத்தில் இருந்த ஹாஸ்கெட் நுரை முகத்தோடு எழுந்து போய்விட்டாராம்.

வசந்தம் வந்ததும் ஒரு காலை கடற்கரைப் பீரங்கி முழங்கியது. டார்கஸ் ஜன்னலைத் திறந்தாள். ரயில் வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதை வெட்டப் போகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. தெரு முனையில் ஊரே வந்துகொண்டிருந்தது. மண்வெட்டி, கடப்பாறை, கயிறு, முன்னால் பெலெக்கின் எருதுகள்.

"இன்னிக்கு எங்கடா வேலை?" என்று கத்தினாள்.

"இங்கதான் அக்கா" என்றான் பெலெக். "வீட்டைத் தூக்கி அந்தக் கரையில வைக்கப் போறோம். பாலம் தாங்காது, அதனால தண்ணியில."

"பைத்தியமா உங்களுக்கு? வீடு தண்ணியில போகுமா?"

"உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான். விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

சில நாட்கள் வீட்டின் அடியில் நெம்பிக் கட்டைகளை நுழைத்து, தெப்பம் போலப் பிணைத்து, எருது பூட்டிக் கரைக்கு உருட்டினார்கள். பௌர்ணமி அலை ஏறும் காலைக்காகக் காத்திருந்தார்கள். இறங்கு இறங்கு என்று எவ்வளவோ சொல்லியும் டார்கஸ் இறங்கவில்லை. அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது, பாதியில் விட்டால் கெட்டுப்போகும் என்று உள்ளேயே இருந்துவிட்டாள். தண்ணீர் ஏறி வீட்டைத் தொட்டது. எல்லாம் ஒரு முறை முனகியது. அப்புறம் தரை காலடியில் மெல்ல எழும்பியது. நீராவிக் கப்பல் கயிற்றை இழுக்க, புகைபோக்கியில் புகை வர, வீடு கரையை விட்டுக் கிளம்பியது.

ஒரு சட்டி கூட ஆணியிலிருந்து விழவில்லை. ஒரு பலகை கூட ஒழுகவில்லை. டார்கஸ் உயர்ந்த வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, தான் வாழ்ந்த கரை தூரமாகப் போவதைப் பார்த்தாள். "கப்பல்தான்யா கட்டியிருக்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். அன்றைக்கு வண்டித் தடத்தில் அடக்கி வைத்த அழுகை முழுக்க அப்போதுதான் வந்தது.

மேற்குக் கரையில், ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, ஹாஸ்கெட் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மனையில் அடிக்கட்டைகளைக் காணவில்லை. தரை சமமாக வெட்டப்பட்டிருந்தது. யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் அவரே வெட்டினார் என்று கெசாயா காதோடு சொன்னாள். எருதுகள் இழுத்து வீட்டை அதன்மேல் உட்கார வைத்ததும் எல்லாரும் முண்டியடித்து உள்ளே புகுந்து தட்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் படியில் கால் இடித்துக்கொண்டார்கள்.

ஹாஸ்கெட் மட்டும் வெளியே நின்றார். உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. டார்கஸ் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவர் துணி சுற்றிய கையாலேயே தொப்பியைக் கழற்றினார்.

"உள்ள வாங்க" என்றாள் டார்கஸ். "ஒரு நாள் மண் வெட்டினவருக்கு என் வீட்ல ஒரு தட்டு உண்டு. அது என் விதி."

அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்து, படியில் நன்றாகக் கால் இடித்துக்கொண்டார்.